நெடுங்காட்டுக்காரர் எந்த கோர்ட்டுக்குப் போவது?

காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டில் வாங்கிய ஒரு குவார்ட்டர் பாட்டில். கடைக்கு உரிமம் உண்டு, புதுச்சேரி அரசுக்குக் கலால் வரி கட்டியாகிவிட்டது, வாங்கியவர் கையில் இருப்பது சட்டப்படியான சரக்கு. அதையே பை நிறைய அடுக்கி எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி மயிலாடுதுறை மாவட்டத்துக்குள் கால் வைத்தால், 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் வந்து பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டு போலீஸ் வழக்குப் போடும், தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். இந்தப் பக்கமே கள்ளச் சரக்கு காய்ச்சி மாட்டினால் புதுச்சேரி கலால் சட்டம், காரைக்கால் மாஜிஸ்திரேட். சட்டமன்றம் இரண்டு, போலீஸ் இரண்டு, மாஜிஸ்திரேட் இரண்டு. ஆனால் இரண்டு பேருக்கும் கீழே ஜாமீன் கிடைக்காமல் மேலே போனால் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: சென்னை உயர் நீதிமன்றம். ஒரே நாளில், ஒரே நீதிபதியின் பட்டியலில், இருவர் மனுவும் அடுத்தடுத்து வரலாம். முதல் மனுவுக்குத் தமிழ்நாட்டு அரசு வழக்கறிஞர் எழுந்து நிற்பார், அடுத்ததற்குப் புதுச்சேரி அரசு வழக்கறிஞர். நீதிபதி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்.

*

“நம்ம கோர்ட்டு டெல்லி கோர்ட்டா, மாநில கோர்ட்டா?” என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. காரைக்கால் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, துணைநிலை ஆளுநர் டெல்லியின் ஆள், ஆகவே கோர்ட்டும் டெல்லியுடையது என்று ஒரு கணக்கு. கணக்கு சரியாகத் தோன்றும், ஆனால் இந்தியாவில் அது ஓடாது.

ஓடுகிற நாடு அமெரிக்கா. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி ஏணி உண்டு. அதன் உச்சியில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம். அதற்குப் பக்கத்தில் மத்திய அரசின் ஏணி தனியாக நிற்கிறது: 94 மாவட்ட நீதிமன்றங்கள், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் ஒன்பது நீதிபதிகள். மணமுறிவு, பாகப்பிரிவினை, சாதாரணக் கொலை எல்லாம் மாநில ஏணியில். கள்ளநோட்டு, திவால், காப்புரிமை மத்திய ஏணியில். மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னால் அதுவே கடைசிச் சொல். வாஷிங்டன் அதில் கை வைக்காது. ஒரே செயலுக்காக ஒருவரை இரண்டு அரசும் தனித்தனியாகத் தண்டிக்கலாம். 2019-இல் கேம்பிள் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை மறுபடியும் சரியென்று சொல்லிவிட்டது. நம்மூரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இங்கே ஏணி ஒன்றே ஒன்று. நாடாளுமன்றம் போட்ட சட்டமானாலும் புதுச்சேரி சட்டமன்றம் போட்ட சட்டமானாலும், அதன்கீழ் வரும் வழக்கைக் காரைக்காலில் உள்ள அதே நீதிபதிதான் விசாரிப்பார். காலையில் வாடகைத் தகராறு, மதியம் காசோலை திரும்பிய வழக்கு. முன்னது உள்ளூர்ச் சட்டம், பின்னது மத்தியச் சட்டம். இருக்கை மாறுவதில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இதைத் தனியாகவே எடுத்துச் சொன்னார்: ஆட்சி இரண்டு அடுக்கு, நீதித்துறை ஒன்று. அவருக்கு முன்மாதிரியும் இருந்தது. 1937 அக்டோபரில் டெல்லியில் ‘ஃபெடரல் கோர்ட்’ என்ற பெயரிலேயே ஒன்று மாரிஸ் குவையரின் தலைமையில் தொடங்கியது. மாகாணங்களுக்கு இடையிலான தகராறு, 1935 சட்டத்துக்கு விளக்கம், இவைதான் அதன் வேலை. அமெரிக்கா போல அதற்குக் கீழே தனி நீதிமன்றங்கள் கிடையாது. 1950-இல் அதன் இடத்தில் உச்ச நீதிமன்றம் வந்தது.

இதில் நெடுங்காட்டுக்கு ஒரு சங்கதி உண்டு. அந்த 1937-இல் நெடுங்காடு பிரெஞ்சு மண். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தஞ்சாவூர் மிராசுதாருக்குக் கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில். இந்தப் பக்கத்து மிராசுதாருக்குப் பாரிஸ். வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. ஒரு மாட்டுவண்டி ஒரே நாளில் மூன்று அரசர்களின் நீதிக்கு உட்பட்டு ஓடிய காலம் இருந்திருக்கிறது.

*

காரைக்கால் கோர்ட் வளாகத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா. வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் கட்டு. எதிரே, அண்ணனோடு பாகம் பிரிக்க வந்த நெடுங்காட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர்.

“ஐயா, நிலம் ரெண்டு பக்கமும் கெடக்கு. அஞ்சு மா நம்ம பக்கம். மூணு மா அந்தப் பக்கம்.”

“எங்க வேணாலும் போடலாம் தம்பி. ஏதாவது ஒரு துண்டு எந்த கோர்ட் எல்லைக்குள்ள இருக்கோ, அங்க மொத்தத்துக்கும் சேத்துப் போட்டுக்கலாம்.”

“எங்க போட்டா நல்லது?”

“அண்ணன் எங்க இருக்காரு?”

“திருவாரூர்ல.”

“அப்ப இங்கயே போடு. வாய்தாவுக்கு அவரு பஸ் ஏறட்டும்.”

குமாஸ்தா சொன்னது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. சொத்து பல நீதிமன்றங்களின் எல்லைக்குள் சிதறிக் கிடந்தால் எந்த ஒன்றிலும் பிராது போடலாம். மாநிலம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. பஸ் ஏறும் சங்கதி சட்டத்தில் இல்லை. அது அவருடைய அனுபவம்.

அவர் அதோடு விடவில்லை. நீதிமன்றக் கட்டணத்தையும் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டார். தமிழ்நாட்டுக்கு 1955-ஆம் வருடத்துக் கட்டணச் சட்டம், 2017-இல் அங்கே விகிதத்தை நன்றாகக் குறைத்துவிட்டார்கள். புதுச்சேரிக்கு 1972-ஆம் வருடத்துச் சட்டம், தனி அட்டவணை. நடைமுறைச் சட்டம் ஒன்று, மேலே உயர் நீதிமன்றமும் ஒன்று, கட்டணச் சீட்டு மட்டும் இரண்டு. பெரிய சொத்து என்றால் எந்த ஊர் கோர்ட் என்பதை அந்தச் சீட்டே முடிவு செய்துவிடும்.

இதே பாகப்பிரிவினையில் ஒரு தங்கை இருந்தால் கதை இன்னும் சிக்கல். தமிழ்நாடு 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அந்த வருடம் மார்ச் 25-க்குள் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. அது தமிழ்நாட்டுத் திருத்தம். எல்லைக் கல்லைத் தாண்டாது. நாடாளுமன்றம் அதே உரிமையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது 2005 செப்டம்பர் 9-இல். இடையில் பதினாறு வருடம். அந்தப் பதினாறு வருடத்தில் நடந்த பிரிவினைகளில் அரை மைல் மேற்கே பிறந்தவளுக்கு ஒரு சட்டம், கிழக்கே பிறந்தவளுக்கு ஒரு சட்டம். இரண்டையும் சரியென்று சொல்ல வேண்டிய உயர் நீதிமன்றம் ஒன்றே.

இன்னும் பின்னால் போனால் மகன்களுக்கே வித்தியாசம் இருந்தது. பிரிட்டிஷ் பக்கத்து இந்துச் சட்டத்தில் மகன் பிறந்த நொடியிலேயே பூர்வீகச் சொத்தில் பங்காளி. பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வழக்காற்றில், அப்பன் உயிரோடு இருக்கும்வரை சொத்து அப்பனுடையது. மகன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இன்றைக்கும் பழைய மூலப் பத்திரம் கிளம்பும் வழக்குகளில் இந்த வித்தியாசம் எழுந்து வந்து நிற்கிறது. அந்தப் பத்திரங்கள் பிரெஞ்சில் இருக்கும், நோத்தேர் என்ற பிரெஞ்சு நோட்டரி முன்னிலையில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

*

பாரிஸ் பற்றிக் கொஞ்சம் நின்று எழுத வேண்டும்.

1819 ஜனவரி 6-ஆம் தேதி ஆணை ஒன்றின் வழியாகப் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்களுக்கு வந்தன. ஆனால் அதே ஆணை, இந்தியர்கள் எந்த மதத்தவரானாலும் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவர் என்றும் சொன்னது. வழக்கம் எது என்று வெள்ளைக்கார நீதிபதிக்கு எப்படித் தெரியும்? அதற்கு 1827-இல் உள்ளூர்ப் பெரிய மனிதர்களைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். தத்து செல்லுமா, சீதனம் யாருக்கு, எந்தச் சாதிக்கு எது மரபு என்று நீதிமன்றம் கேட்கும். குழு எழுதிக் கொடுக்கும். பெரிய மனிதர்கள் எழுதிக் கொடுத்த வழக்கம் பெரிய மனிதர்களுக்கு வசதியான வழக்கமாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

1873-இல் செருப்பு விவகாரம். பொன்னுத்தம்பி பிள்ளை என்ற புதுச்சேரி வக்கீல் ஐரோப்பிய பாணிக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் வெறுங்காலோடு வர வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. நீதிபதி ஏற்கவில்லை, தண்டித்தார். பொன்னுத்தம்பி விடவில்லை, வழக்கைப் பாரிஸிலுள்ள கஸாஸியோன் நீதிமன்றம்வரை கொண்டுபோனார். அங்கே ஜெயித்தார். அவருக்காக வாதாடிய ஜூல் கொதேன் பிறகு பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகவே பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நன்றிக்கடன்.

ஒரு ஜோடி காலணிக்காகக் கடல் கடந்து போன வழக்கு என்று சிரிக்கலாம். ஆனால் ஏணியின் கடைசிப் படி உள்ளூர் அதிகாரிக்குக் கைக்கெட்டாத தூரத்தில் இருந்ததால்தான் அந்த வழக்கு ஜெயித்தது. புதுச்சேரியில் நீதிபதியும் கவர்னரும் வெள்ளைக்கார வியாபாரியும் ஒரே கிளப்பில் உட்கார்ந்தவர்கள். பாரிஸில் இருந்தவர்களுக்குப் பொன்னுத்தம்பியின் கால் யாருடைய கால் என்ற கவலை இல்லை. மேல்முறையீட்டின் சாரமே அதுதான் என்று எனக்குத் தோன்றும். தூரத்துக்குச் செலவும் உண்டு, பயனும் உண்டு.

அந்தப் பொன்னுத்தம்பிதான் 1881 செப்டம்பர் 21 ஆணை வந்ததும் தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்துக்குள் போனவர்களில் முன்னால் நின்றவர். லப்போர்த் என்று குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார். அப்படித் துறந்தவர்கள் ரெனோன்சான்கள். அவர்களுடைய வாரிசுகள் பலர் இன்று இந்தியக் குடிமக்கள். இந்துத் திருமணச் சட்டம், இந்து வாரிசுரிமைச் சட்டம் இவற்றைப் புதுச்சேரிக்கு நீட்டியபோது ‘ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தா’ என்று ஒரு வரி சேர்த்தார்கள். விளைவு: நெப்போலியன் காலத்துச் சட்டத் தொகுப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத வேண்டிய வேலை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இன்றும் எப்போதாவது வந்து சேர்கிறது. அங்கே நீதிபதியாக இருந்த தாவிது அன்னுசாமி போன்றவர்கள் இரண்டு சட்டமும் அறிந்தவர்கள். அந்தத் தலைமுறை முடிந்துகொண்டிருக்கிறது.

காரைக்காலில் பிரான்ஸில் பிள்ளை இருக்கும் வீடு உண்டு, சிங்கப்பூரில் பிள்ளை இருக்கும் வீடு உண்டு, துபாயில் இருக்கும் வீடு அதைவிட அதிகம். அங்கே வாங்கிய பணத் தீர்ப்பை இங்கே கொண்டுவந்து சொத்தை ஜப்தி செய்ய முடியுமா? சிங்கப்பூர் தீர்ப்பு என்றால் நேராக மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடலாம். இந்திய அரசு பட்டியலிட்ட நாடு அது. ஐக்கிய அரபு அமீரகமும் 2020 ஜனவரியில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பிரான்ஸ் இல்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் எந்த நாட்டின் தீர்ப்பு இந்த மண்ணில் கடைசித் தீர்ப்பாக இருந்ததோ, அந்த நாட்டின் தீர்ப்பை வைத்துக்கொண்டு இங்கே முதலிலிருந்து பிராது போட வேண்டும்.

*

1954 அக்டோபர் 18, கீழூர். 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. நடுவில் எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எட்டு வருடம் நெடுங்காடு எந்த நாட்டில் இருந்தது?

கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது ஒரு பஸ் பெர்மிட். மஸ்தான் சாகிப் எதிர் புதுச்சேரி தலைமை ஆணையர், 1961. பஸ் ஓட்ட அனுமதி கிடைக்காதவர் நேரே டெல்லிக்குப் போனார்: அடிப்படை உரிமை மீறப்பட்டது, அதிகாரியோ இந்திய அரசின் கட்டுப்பாட்டில் இருப்பவர், ஆகவே ரிட் வேண்டும். வாதம் வலுவானது. நீதிபதிகள் தாங்களாக முடிவு செய்யாமல் மத்திய அரசையே கேட்டார்கள்: புதுச்சேரி இந்திய நிலப்பரப்பில் சேர்ந்ததா, இல்லையா? அரசு இல்லை என்று பதில் தந்தது. வழக்கு விழுந்தது. அதிகாரி நம்முடையவர், ஆனால் மண் இன்னும் நம்முடையதல்ல. அங்கே உட்கார்ந்து அங்குள்ள சட்டப்படி அவர் போட்ட உத்தரவைத் தொட நம் ரிட்டுக்குக் கை நீளாது என்றது தீர்ப்பு.

போலீஸ் இந்தியா, வரி இந்தியா, கொடி இந்தியா. உச்ச நீதிமன்றம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஓர் ஆட்சி வருவது என்றால் எது எது வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள் இந்த வழக்கைச் சொல்லிக் கொடுக்கலாம்.

1962 கடைசியில் புதுச்சேரி நிர்வாகச் சட்டம் வந்தது; அதில் ஒரு பிரிவு, சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லையைப் புதுச்சேரி முழுவதற்கும் நவம்பர் 6 முதல் நீட்டியது. 1963-இல் மத்தியச் சட்டங்கள் கட்டுக்கட்டாக வந்தன, 1968-இல் மிச்சமும் வந்தது. அதன் பிறகுதான் காரைக்கால் நீதிமன்றம் வெளித்தோற்றத்தில் நாகப்பட்டினம் நீதிமன்றத்தைப் போல ஆனது.

*

விற்பனை வரி வழக்கு. இதை வக்கீல்கள் சொல்லக் கேட்க வேண்டும், அவ்வளவு ரசித்துச் சொல்வார்கள்.

1965-இல் புதுச்சேரி சட்டமன்றம் பொது விற்பனை வரிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தனியாக எழுத வேண்டிய சிரமம் எதற்கு என்று, சென்னையின் விற்பனை வரிச் சட்டம் நம் சட்டம் அமலாகும் நாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கும் பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். அமலானது 1966 ஏப்ரல் 1. அதற்குள் சென்னை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆக, புதுச்சேரி உறுப்பினர்கள் பார்க்காத, பேசாத, கை தூக்காத ஒரு சட்டத்தின்கீழ் புதுச்சேரி வியாபாரி வரி கட்ட வேண்டும். சாமா ராவ் என்பவர் வழக்குப் போட்டார். 1967-இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், சட்டமன்றம் தன் வேலையை இன்னொரு சட்டமன்றத்திடம் மொத்தமாகத் தாரை வார்த்துவிட்டது, இந்தச் சட்டம் செத்தே பிறந்தது என்றது. வழக்கு நடக்கும்போதே அவசரமாகத் திருத்தச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். செத்துப் பிறந்ததற்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள். பிறகு 1967-இல் புதிதாக ஒரு சட்டம் எழுதினார்கள், இந்தத் தடவை தாங்களாகவே.

தமிழ்நாட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் அதோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. இப்போது தலைப்பை மாற்றிவிடுகிறார்கள்.

*

தூரம். நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் கோர்ட்டுக்கு டவுன் பஸ் போதும். உயர் நீதிமன்றம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபோது தஞ்சாவூர் மாவட்டத்தை அதில் சேர்த்தார்கள். நாகப்பட்டினமும் திருவாரூரும் சென்னையிலேயே இருந்தன, காரைக்காலும் அப்படியே. கும்பகோணத்துச் சம்பந்தி மதுரைக்குப் போவார், நெடுங்காட்டுச் சம்பந்தி சென்னைக்கு.

இதற்கே அலுத்துக்கொள்பவர்கள் இதே யூனியன் பிரதேசத்து மாஹேக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் கேரளம், பேசுவது மலையாளம், கொச்சியில் ஓர் உயர் நீதிமன்றம். ஆனால் அவருடைய மேல்முறையீடு சென்னைக்கு. கோதாவரிக் கரையின் யானத்துக்காரர் ஆந்திர உயர் நீதிமன்றத்தைத் தாண்டிக்கொண்டு சென்னைக்கு வர வேண்டும். பிரெஞ்சுக்காரன் எங்கே கோட்டை கட்டினானோ அங்கேயிருந்து இன்றும் வக்காலத்து சென்னைக்கு வருகிறது.

*

மாநிலம் மாற்றிய இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏணியின் அமைப்பு தெளிவாகத் தெரியும்.

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கை 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பெங்களூருக்கு மாற்றியது. மாநிலமும் மாறியது, உயர் நீதிமன்றமும் மாறியது. தமிழ்நாட்டு போலீஸ் போட்ட வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 மே மாதம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

காஞ்சிபுரத்தில் 2004 செப்டம்பரில் நடந்த சங்கரராமன் கொலை வழக்கை அடுத்த வருடம் தமிழ்நாட்டுக்கு வெளியே, புதுச்சேரிக்கு மாற்றினார்கள். சட்டப்படி வெளியேதான். ஆனால் மேலே இருப்பது அதே சென்னை உயர் நீதிமன்றம். மாறியது எது? வழக்கை நடத்தும் அரசு மாறியது. அரசு வழக்கறிஞரை யார் நியமிப்பது என்று சண்டை வந்து 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று: வழக்கு எங்கே போனதோ அந்த அரசு, அதாவது புதுச்சேரி. 2013 நவம்பர் 27-இல் புதுச்சேரி நீதிமன்றம் 23 பேரையும் விடுவித்தது.

கோர்ட் யாருடையது என்ற கேள்வியைவிட, கோர்ட்டில் அரசுத் தரப்பாக எழுந்து நிற்பவர் யாருடைய ஆள் என்ற கேள்விக்குத்தான் நம் நாட்டில் கூர்மை அதிகம்.

*

ஏணி ஒன்றே என்று எழுதினேன். பக்கத்தில் சில படிக்கட்டுகள் உண்டு.

நெடுங்காட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்குப் பதவி உயர்வு தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவார். தமிழ்நாடு ஒரு காலத்தில் வைத்திருந்த நிர்வாகத் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டது. நெடுங்காட்டு ஆசிரியை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். யூனியன் பிரதேச ஊழியர், ஆகவே ரயில்வே ஊழியரும் தபால்காரரும் நிற்கும் வரிசையில் நிற்க வேண்டும். சம்பளப் பட்டியலில் எந்த அரசின் பெயர் இருக்கிறது என்பது வாசலை மாற்றிவிடுகிறது. அமெரிக்க மாதிரிக்கு நம்மிடம் இருப்பதில் இதுதான் கிட்டத்தில் வருவது. ஆனாலும் 1997-இல் சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள், தீர்ப்பாயத்தின் முடிவையும் உயர் நீதிமன்றம் பார்க்கலாம் என்று சொன்னதால், அந்தப் படிக்கட்டும் மேலே போய் அதே ஏணியில்தான் சேர்கிறது.

சிபிஐ விஷயத்திலும் இப்படி ஒரு வித்தியாசம். 2023 ஜூனில் தமிழ்நாடு தன் பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது; சிபிஐ இனி வழக்குக்கு வழக்கு கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். புதுச்சேரிக்கு அப்படிச் சாத்தக் கதவே இல்லை. காரைக்காலுக்குள் சிபிஐ கேட்காமல் வரும்.

*

கடைசியாக ஆறு.

நெடுங்காட்டு விவசாயி அண்ணன் மீது வழக்குப் போடலாம், கொம்யூன் பஞ்சாயத்து மீது போடலாம், மந்திரி மீதும் போடலாம். வராத காவிரித் தண்ணீரில் தன் பிரதேசத்துக்கு இவ்வளவு பங்கு என்று அறிவிக்கச் சொல்லி எந்த கோர்ட்டிலும் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 262-ஆம் பிரிவும் 1956-ஆம் வருடத்து நதிநீர்த் தகராறுச் சட்டமும் அந்த வாசலை அடைத்து, தீர்ப்பாயத்திடம் கொடுத்துவிட்டன. ஆனாலும் தீர்ப்பாயம் அமையவே கோர்ட்தான் காரணம். டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று போட்ட மனுவில்தான் 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஜூன் 2-இல் தீர்ப்பாயம் பிறந்தது.

1991 ஜூன் 25 இடைக்கால ஆணை: மேட்டூருக்கு 205 டிஎம்சி, அதிலிருந்து காரைக்காலுக்குத் தமிழ்நாடு 6 டிஎம்சி தர வேண்டும். 2007 இறுதித் தீர்ப்பில் அது 7 ஆனது. தீர்ப்பாயத்தின் முடிவுமீது மேல்முறையீடே செல்லாது என்று மத்திய அரசு வாதாடிப் பார்த்தது. செல்லும் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2018 பிப்ரவரி 16-இல் தீர்ப்பும் தந்தது. தமிழ்நாட்டின் 419 டிஎம்சி 404.25 ஆகக் குறைந்தது, குறைந்த 14.75 கர்நாடகத்துக்குப் போனது. புதுச்சேரியின் 7 அப்படியே நின்றது. அந்த ஏழை ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் உண்மை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

கர்நாடகம் பிலிகுண்டுலுவில் விடுவதை அளக்க ஆணையம் இருக்கிறது, டெல்லியில் கூட்டம் நடக்கிறது, செய்தித்தாளில் எண் வருகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, அரசலாறாகவும் நாட்டாறாகவும் நூலாறாகவும் வாஞ்சியாறாகவும் காரைக்கால் எல்லைக்கு வரும்போது கடைமடை. மேலே உள்ள ஷட்டர் தமிழ்நாட்டு நீர்வளத் துறையுடையது, கீழே உள்ள வாய்க்கால் புதுச்சேரிப் பொதுப்பணித் துறையுடையது. நாற்று மஞ்சளாகும்போது ரிட் போட நேரமில்லை. இந்தப் பக்கத்துப் பொறியாளர் அந்தப் பக்கத்துப் பொறியாளருக்குப் போன் போடுகிறார். “சார், ரெண்டு நாளைக்காவது தூக்கி விடுங்க.” சில சமயம் தூக்கிவிடுகிறார்கள். சில சமயம், மேலே நன்னிலத்துக்காரர்களே தண்ணீருக்கு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பதில் வருகிறது.